தனுஷ்கோடிக்கு வரும் பறவைகள், ஆய்வகத்தில் தும்மும் ஃபெரட்: பறவைக் காய்ச்சல் மனிதருக்குப் பரவுமா என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய்கள் நிரம்பத் தொடங்கிவிட்டால் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். தனுஷ்கோடியின் ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைக் கூட்டம், மன்னார் வளைகுடா தீவுகளின் சேற்றில் உள்ளான்கள், முதுகுளத்தூர் பக்கத்துக் கண்மாய்க் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் நாரையும். பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளும் அதிகம்.

எங்கேயாவது பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் அதே பறவைகள் மீது சந்தேகமும் வந்துவிடும். 'வெளிநாட்டுப் பறவைதான் காரணம்', 'கோழிக்கறி வாங்காதீங்க' என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஓடும். கூடவே, 'ஆய்வகத்தில் வைரஸ் கொடுத்த விலங்குகள் எல்லாம் செத்துப்போச்சு' என்று ஒரு தலைப்பும் சேர்ந்துகொள்ளும்.

இதில் எது உண்மை? விலங்கில் செய்யும் சோதனை நம்மைப் பற்றி என்ன சொல்கிறது? அந்தச் சோதனைக்கும் ராமேஸ்வரம் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு செத்த பறவைக்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

ராமநாதபுரம் ஏன் முக்கியம்?

மழை குறைந்த மாவட்டம் என்று பெயர் வாங்கிய ராமநாதபுரம், பறவைகளுக்குத் தமிழ்நாட்டின் முக்கியமான இடங்களில் ஒன்று. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் - கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என வரிசையாகப் பறவைகள் சரணாலயங்கள். இதில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025 பிப்ரவரியில் சேர்ந்தன. 2025 ஜூன் மாதம், தனுஷ்கோடியில் 500 ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பைப் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

இந்தப் பறவைகளில் பல, 'மத்திய ஆசிய வலசைப் பாதை' எனப்படும் வான்வழியில் வருபவை. சைபீரியா, மத்திய ஆசியா தொடங்கி இந்தியப் பெருங்கடல் வரை சுமார் 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் பாதை இது. அந்தப் பாதையில் இந்திய நிலப்பரப்பு முடிகிற இடங்களில் ஒன்றுதான் தனுஷ்கோடி. அதனால்தான் இங்கே பறவைகளின் ஆரோக்கியத்தைக் கவனிப்பது, உள்ளூர் விஷயம் என்பதைத் தாண்டிப் போகிறது.

பறவை வந்தால் நோய் வந்துவிடுமா?

வராது. முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

காட்டு வாத்துகளும் கரையோரப் பறவைகளும் பல வகை இன்ஃப்ளூயன்சா வைரஸ்களை உடலில் சுமப்பது இயல்பானது. பெரும்பாலானவை அவற்றுக்கே பெரிய தொந்தரவு தருவதில்லை. இப்போது உலகம் பயப்படும் எச்5என்1 வகையின் கதை வேறு. 1996-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பண்ணை வாத்துகளில் அதன் மூதாதை வைரஸ் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்று, 6 பேர் மரணம். 2005-ல் சீனாவின் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் செத்துக் கிடந்தபோதுதான், பண்ணையில் உருவான வைரஸ் வலசைப் பறவைகளிடம் போய்விட்டது உலகத்துக்குத் தெரியவந்தது. சொல்லப்போனால், காட்டுப் பறவைகளுக்கு இந்த நோயைக் கொடுத்ததே கோழி, வாத்துப் பண்ணைகள்தான். இப்போது இரண்டு பக்கமும் மாறி மாறிப் பரவுகிறது. பண்ணைக் கோழி ஏற்றும் வண்டி, கூண்டு, காலணி, தீவனப் பை எல்லாமே வைரஸைச் சுமக்கும்.

இந்தியாவில் முதல்முறை எச்5என்1 உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாப்பூர் கோழிப் பண்ணைகளில். பிறகு பல மாநிலங்களில் தலைகாட்டியது. பக்கத்து கேரளாவின் ஆலப்புழா வாத்துகளில் 2014-லும் 2024-லும் வந்தது. கேரளாவில் செய்தி வந்தால் தமிழ்நாட்டு எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிகளுக்கு மருந்து தெளிப்பதை நாம் டிவியில் பார்த்திருக்கிறோம்.

மனிதர்களுக்கு வருவது அபூர்வம். ஆனால் வந்தால் ஆபத்து. 2003 முதல் உலக அளவில் 900-க்கும் அதிகமானோருக்கு எச்5என்1 உறுதியாகியிருக்கிறது. பதிவான நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். லேசான தொற்று பலவும் கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். இந்தியாவில் 2021-ல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவனும், 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தைச் சேர்ந்த 2 வயதுக் குழந்தையும் இந்த நோயால் இறந்தனர்.

இதுவரை இந்த வைரஸ் ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்குக் காற்றில் எளிதாகத் தாவும் திறனைப் பெறவில்லை. பெற்றுவிட்டால்? உலகமே பயப்படுவது அந்த ஒரு கேள்விக்குத்தான். விலங்குச் சோதனை தேவைப்படுவதும் அதனால்தான்.

செத்த பறவை எங்கே போகிறது?

கண்மாய்க் கரையிலோ, கடற்கரையிலோ பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தகவல் போனால் கால்நடைப் பராமரிப்புத் துறையினரும் வனத்துறையினரும் வருவார்கள். பறவையின் தொண்டையிலிருந்தும் கழிவுப்புழையிலிருந்தும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுப்பார்கள். செத்த பறவையையே பத்திரமாகப் பொதிந்து ஐஸில் வைத்து அனுப்புவதும் உண்டு.

அந்தப் பெட்டியின் கடைசி நிறுத்தம் போபால். அங்கே இருக்கும் தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனம்தான் பறவைக் காய்ச்சலை உறுதி செய்யும் நாட்டின் தலைமை ஆய்வகம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வருவது. ராமேஸ்வரத்திலிருந்து 1,500 கிலோமீட்டருக்கும் மேல். வெயிலில் இரண்டு நாள் கிடந்து அழுகிய பறவையிலிருந்து எடுத்த மாதிரி அங்கே போய்ச் சேர்ந்தாலும் பெரிய பயன் இருக்காது. அதனால் முதல் தகவல் எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஆய்வகத்தில் முதலில் பிசிஆர் சோதனை. கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழகிய அதே பெயர். வைரஸ் இருக்கிறதா, எந்த வகை என்பது இதில் தெரிந்துவிடும். அடுத்து, கருவுள்ள கோழி முட்டைக்குள் செலுத்தி வைரஸை வளர்ப்பார்கள். அதன் மரபணு வரிசையையும் படிப்பார்கள்.

மரபணுவைப் படித்தாலே போதாதா? விலங்கு எதற்கு?

நியாயமான கேள்வி. மரபணு வரிசை ஒரு துப்பு மட்டும் தரும். 'இந்த இடத்தில் இந்த மாற்றம் இருந்தால் பாலூட்டிகளில் நன்றாகப் பெருகும்' என்று பழைய அனுபவத்தை வைத்துச் சொல்லலாம். ஆனால் அந்த மாற்றம் மற்ற மாற்றங்களோடு சேர்ந்து உடலுக்குள் என்ன செய்யும் என்பதைக் காகிதத்தில் எழுத்துகளைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

மூச்சுக்குழாயில் நுழைந்து, நுரையீரலுக்கு இறங்கி, காய்ச்சலை உண்டாக்கி, தும்மலாக வெளியேறி, பக்கத்தில் இருப்பவரின் மூக்குக்குள் போவது வரை நடக்கும் முழுக் கதையையும் பார்க்க வேண்டுமானால் மூச்சு விடும் ஓர் உடல் தேவை. மனிதருக்கு வேண்டுமென்றே கொடிய வைரஸைக் கொடுத்துப் பார்க்க முடியாது. அங்கேதான் விலங்குகள் வருகின்றன.

எந்த விலங்கு எதற்கு?

ஒரே விலங்கு எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லாது. நம் ஊரில் கண்ணுக்கு ஒரு டாக்டர், பல்லுக்கு ஒரு டாக்டர் என்று போவதைப் போலத்தான்.

கோழி: கிடைத்த வைரஸ் கோழிகளுக்கு எவ்வளவு கொடியது என்பதற்கான சோதனை இது. ஆறு வாரக் கோழிகளுக்கு ஊசி மூலம் செலுத்தி 10 நாள் கவனிக்கும் முறை உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 'அதிக வீரியம்' என்று செய்திகளில் நாம் படிப்பது பெரும்பாலும் கோழியைப் பொறுத்த வீரியம்தான். மனிதருக்கும் அதே அளவு என்று அர்த்தமில்லை. இந்த ஒரு குழப்பத்தால் பரவும் பீதி கொஞ்சநஞ்சமல்ல.

சுண்டெலி: விலை குறைவு, நிறைய கிடைக்கும், மரபணுவை மாற்றலாம். ஆனால் காய்ச்சல் வந்தால் நம்மைப் போல் தும்முவதில்லை. பல ஆய்வகச் சுண்டெலி வகைகளில் இன்ஃப்ளூயன்சாவை எதிர்க்கும் ஒரு முக்கிய மரபணு பழுதாகவே இருக்கிறது. 2020-ல் இன்னொரு சிக்கலும் வந்தது. முதலில் பரவிய கொரோனா வைரஸால் சாதாரண சுண்டெலியின் செல்லுக்குள் நுழையவே முடியவில்லை. மனிதரின் செல்லில் இருக்கும் ஏற்பியைப் பொருத்திய தனிவகைச் சுண்டெலிகள் தேவைப்பட்டன. 2003-ல் வந்த சார்ஸ் நோயை ஆராய்வதற்காக அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, விந்தணுவாக உறைய வைத்திருந்த வகையைத் தேடி எடுத்து மறுபடி பெருக்கினார்கள்.

ஹாம்ஸ்டர்: கைக்குள் அடங்கும் சிறிய பிராணி. கொரோனாவில் இதற்கு நிமோனியா வந்தது, எடை குறைந்தது, பிறகு தேறியது. பக்கத்துக் கூண்டுக்கும் பரப்பியது. கொரோனா தடுப்பூசி, மருந்து ஆய்வுகளில் உலகம் முழுக்க இதைப் பயன்படுத்தினார்கள்.

குரங்கு: உடலமைப்பிலும் நோய் எதிர்ப்பிலும் நமக்கு மிக நெருக்கம். தடுப்பூசியை மனிதருக்குப் போடுவதற்கு முன் நம்பகமான கடைசிக் கட்டம். விலை அதிகம், எண்ணிக்கை குறைவு, அறச் சிக்கலும் அதிகம்.

ஃபெரட்: இன்ஃப்ளூயன்சா என்றால் முதலில் கேட்கப்படும் பெயர். கீரிக்குத் தம்பி போல இருக்கும், சுமார் ஒரு கிலோ எடை. ஐரோப்பாவில் வீட்டில் வளர்க்கும் பிராணி.

ஃபெரட் மட்டும் ஏன் ஸ்பெஷல்?

வைரஸ் ஒரு சாவி என்றால், செல்லின் மேல் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிதான் பூட்டு. பறவைகளின் குடலில் இருக்கும் பூட்டும், மனிதரின் மூக்கு, தொண்டையில் இருக்கும் பூட்டும் சற்று வேறு வேறு வடிவம். பறவை வைரஸ் நம்மிடம் எளிதில் ஒட்டாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஃபெரட்டின் மூச்சுக்குழாயில் இந்தப் பூட்டுகள் அமைந்திருக்கும் விதம் ஏறக்குறைய மனிதரைப் போலவே இருக்கிறது. காய்ச்சல் வரும், மூக்கு ஒழுகும், தும்மும்.

இது தெரியவந்ததே ஒரு சுவையான கதை. 1930-களின் தொடக்கத்தில், ஃப்ளூ காய்ச்சலுக்குக் காரணம் பாக்டீரியாவா வைரஸா என்பதே தீராத விவாதம். 1933-ல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் நோயாளிகளின் தொண்டை கழுவிய நீரை வடிகட்டி ஃபெரட்டின் மூக்கில் விட்டார்கள். பாக்டீரியா போக முடியாத வடிகட்டி அது. ஃபெரட்டுகளுக்குக் காய்ச்சல் வந்தது. மனிதரின் ஃப்ளூ ஒரு வைரஸால் வருகிறது என்பது அப்படித்தான் நிரூபணமானது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் ஆய்வுக்காக அந்த ஆய்வகத்தில் ஃபெரட்கள் ஏற்கெனவே இருந்ததும் கை கொடுத்தது. பிறகு 1936-ல் நோயுற்ற ஒரு ஃபெரட்டிடமிருந்து ஆய்வாளர் சார்ல்ஸ் ஸ்டூவர்ட்-ஹாரிஸுக்கே காய்ச்சல் ஒட்டிக்கொண்டது. ஃபெரட்டிடமிருந்து மனிதருக்கும் பரவும் என்பதற்கு அதைவிட நேரடிச் சான்று வேண்டுமா?

இன்றைக்கும் ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசியில் எந்த வைரஸ் வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை கூடி முடிவு செய்யும்போது, அவர்கள் பார்க்கும் முக்கியத் தரவுகளில் ஃபெரட் ரத்தச் சீரத்தை வைத்துச் செய்த சோதனைகளும் உண்டு. ஊசி போட்டுக்கொள்ளும் பலருக்கும் அது தெரியாது.

சோதனை எப்படி நடக்கும்?

மிக உயர்ந்த பாதுகாப்பு கொண்ட அறை. உள்ளே காற்று வெளியே கசியாது. பணியாளர்கள் முழு உடல் கவசத்தில் இருப்பார்கள். மயக்கம் கொடுத்த ஒரு ஃபெரட்டின் மூக்கில் வைரஸை விடுவார்கள். மறுநாள் ஆரோக்கியமான இன்னொரு ஃபெரட்டை அதே கூண்டில் விடுவார்கள். இது 'தொட்டுப் பரவுகிறதா' என்ற சோதனை.

இன்னொரு ஜோடியை அருகருகே வைப்பார்கள். நடுவில் துளையிட்ட தடுப்பு. ஒன்றையொன்று தொட முடியாது, ஆனால் ஒரே காற்று. இது 'காற்றில் பரவுகிறதா' என்ற சோதனை. சில நாளுக்கு ஒருமுறை மூக்கைக் கழுவி எடுத்த நீரில் வைரஸ் எவ்வளவு என்று அளப்பார்கள்.

ஒரு வைரஸ் பெருந்தொற்றாக மாறுமா என்ற கேள்விக்கு, இந்த இரண்டாவது கூண்டின் பதில்தான் முக்கியமானது.

டெக்சாஸ் வைரஸ்: ஃபெரட் செத்தது, மனிதர் பிழைத்தார்

விலங்குச் சோதனை முடிவை எப்படிப் படிப்பது என்பதற்கு 2024-ல் அமெரிக்காவில் நடந்தது சரியான பாடம்.

அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்கப் பால் மாடுகளில் எச்5என்1 பரவுவது தெரியவந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு மாட்டுப் பண்ணைத் தொழிலாளிக்கும் தொற்று. அவருக்கு வந்தது கண் சிவப்பு மட்டும்தான். நுரையீரல் பாதிப்பு இல்லை. குணமாகிவிட்டார்.

அவரிடமிருந்து எடுத்த அதே வைரஸை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் ஃபெரட்களுக்குக் கொடுத்தது. வைரஸ் செலுத்தப்பட்ட ஃபெரட்கள் எல்லாமே இறந்தன. ஒரே கூண்டில் இருந்தவற்றுக்கு முழுமையாகப் பரவியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்றில் ஒன்றுக்கு மட்டும் காற்றில் பரவியது.

'எல்லாம் செத்துப்போச்சு' என்பது தலைப்பாக வந்தது. அது பொய்யில்லை. ஆனால் பாதிச் செய்தி.

ஏன் இந்த வித்தியாசம்? ஆய்வகத்தில் கொடுக்கப்படும் வைரஸின் அளவு மிக அதிகம், அதுவும் நேராக மூக்கில். தொழிலாளிக்கோ கண் வழியாகக் குறைந்த அளவில் போயிருக்கலாம். இன்னொன்று, சோதனைக்கு எடுக்கும் ஃபெரட் வாழ்க்கையில் ஃப்ளூ பார்த்திராதது. நாமோ சிறு வயதிலிருந்து எத்தனையோ ஃப்ளூ காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்கள். 2009-ல் பன்றிக்காய்ச்சல் என்ற பெயரில் வந்த எச்1என்1 வைரஸ் ஏற்கெனவே தாக்கிய ஃபெரட்களுக்கு எச்5என்1 கொடுத்துப் பார்த்தபோது, நோயின் தீவிரம் குறைந்திருப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

அப்படியென்றால் ஃபெரட் சோதனை வீணா? இல்லை. 'மூன்றில் ஒன்று' என்பதுதான் அதன் மதிப்புள்ள பதில். மனிதரிடம் ஆண்டுதோறும் பரவும் சாதாரண ஃப்ளூ, ஃபெரட்டில் தடுப்பைத் தாண்டி எளிதாகப் பரவும். அதோடு ஒப்பிட்டால் டெக்சாஸ் வைரஸ் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. ஆனால் காற்றில் அறவே பரவாது என்று சொல்லும் நிலையிலும் இல்லை. கவனமாக இருங்கள் என்று அர்த்தம். எத்தனை ஃபெரட் செத்தது என்பதைவிட, தடுப்புக்கு அந்தப் பக்கம் எத்தனைக்கு நோய் வந்தது என்று பார்த்தால் செய்தி புரிந்துவிடும்.

ஆய்வகத்துக்கு வெளியேயும் விலங்குகள் எச்சரிக்கை தருகின்றன. 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன. காரணம் எச்5என்1 என்று போபால் ஆய்வகம் உறுதி செய்தது.

இந்தியாவின் அனுபவம்: 20 குரங்குகள்

2020 கொரோனா ஊரடங்கில் கோவாக்சின் தடுப்பூசியைச் சோதிக்க இந்தியாவுக்குக் குரங்குகள் தேவைப்பட்டன. ராமேஸ்வரம், மதுரை பக்கம் நாம் பார்ப்பது தென்னிந்தியாவின் நாட்டுக்குரங்கு. ஆய்வுக்குத் தேவைப்பட்டது வேறு இனம், வடஇந்தியாவில் பரவலாக இருக்கும் ரீசஸ் குரங்கு. ஆய்வகத்தில் வளர்த்த ரீசஸ் குரங்குகள் போதுமான அளவில் இல்லை. ஊரடங்கில் தின்னக் கொடுக்க ஆளில்லாமல் குரங்குகள் காட்டுக்குள் போய்விட்டன. மகாராஷ்டிரா வனத்துறை உதவியோடு தேடி, கடைசியில் நாக்பூர் அருகே பிடித்தார்கள்.

புனே தேசிய வைராலஜி நிறுவனத்தில் 20 குரங்குகளை ஐந்து ஐந்தாக நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். மூன்று குழுக்களுக்குத் தடுப்பூசியின் மூன்று வகைக் கலவைகள், ஒரு குழுவுக்கு வெறும் மருந்தில்லா ஊசி. இரண்டு டோஸ் முடிந்து இரண்டு வாரம் கழித்து வைரஸைக் கொடுத்தார்கள். தடுப்பூசி போட்டவற்றின் நுரையீரலில் நிமோனியா தென்படவில்லை. போடாதவற்றில் தென்பட்டது.

ஆனால் அத்தோடு தடுப்பூசி வெற்றி என்று யாரும் முடிவு கட்டவில்லை. மூன்றாம் கட்டச் சோதனையில் 25,798 பேர் பங்கேற்றார்கள். அறிகுறியுள்ள நோயைத் தடுக்கும் திறன் 77.8 சதவீதம் என்ற எண் அங்கிருந்து வந்தது. 20 குரங்குகள் சொன்னது 'மனிதரிடம் சோதித்துப் பார்க்கலாம்' என்பது வரைதான். மீதியை மனிதர்கள்தான் சொல்ல முடியும். 'எலிகளில் வெற்றி' என்று அடுத்த முறை ஒரு மருந்துச் செய்தி படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சோதனையே ஆபத்தாகிவிடாதா?

இந்தப் பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2011-ல் நெதர்லாந்தின் ரான் ஃபூஷியே குழுவும், அமெரிக்காவில் யோஷிஹிரோ கவாவோகா குழுவும் எச்5என்1 சார்ந்த வைரஸ்களில் மாற்றம் செய்து, ஃபெரட்களிடையே காற்றில் பரவும் வடிவத்தை உருவாக்கினார்கள். இயற்கையில் இது எப்படி நடக்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்காகச் செய்ததாகச் சொன்னார்கள். இல்லாத ஒரு ஆபத்தை ஏன் உருவாக்க வேண்டும் என்று மற்ற விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். 2012 ஜனவரியில் இந்த வகை ஆய்வை அவர்களே நிறுத்தி வைத்தார்கள். ஓராண்டு கழித்துத்தான் மறுபடி தொடங்கினார்கள். அந்த ஆய்வுக் கட்டுரைகள் பெரிய விவாதத்துக்குப் பிறகே வெளியாயின. எந்த மாற்றங்களைக் கவனிக்க வேண்டும் என்ற பட்டியல் அதனால் கிடைத்தது உண்மை. அதற்கு அவ்வளவு ரிஸ்க் தேவையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

விலங்குகளின் வேதனை இன்னொரு பக்கம். இந்தியாவில் 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியக் குழுவின் கட்டுப்பாட்டில்தான் விலங்குச் சோதனை நடத்த முடியும். தேவையில்லாத இடத்தில் விலங்கைப் பயன்படுத்தக் கூடாது, எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், வலியைக் குறைக்க வேண்டும் என்பதே அடிப்படை. மனித செல்களிலிருந்து வளர்த்த சின்ன நுரையீரல் திசுக்கள், சிப்பில் பொருத்திய செல்கள் எல்லாம் இப்போது வந்துவிட்டன. மருந்து ஆய்வில் இவற்றையும் ஏற்கலாம் என்று இந்தியா 2023-ல் விதிகளைத் திருத்தியது. செல்லுக்குள் வைரஸ் நுழைகிறதா என்பதற்கு இவை நல்ல பதில் தருகின்றன. ஆனால் சிப்பு தும்மாது. பக்கத்தில் இருப்பவருக்குப் பரவுமா என்ற கேள்விக்கு இன்றுவரை ஃபெரட்தான் கதி.

கரையில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

இத்தனை சோதனைக்கும் ஆரம்பப் புள்ளி, யாரோ ஒருவர் சரியான நேரத்தில் கொடுக்கும் தகவல். மீனவரோ, ஆடு மேய்ப்பவரோ, தனுஷ்கோடியில் கடை போட்டிருப்பவரோ அதைக் கொடுக்கலாம். மாதிரி போகாத வைரஸை எந்த ஃபெரட்டும் சோதிக்க முடியாது.

செத்த பறவையைக் கையால் தொட வேண்டாம். நாய், பூனை, குழந்தைகளை அருகில் விட வேண்டாம். நீங்களே எரிக்கவோ புதைக்கவோ செய்யாமல், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணையும் அழைக்கலாம். ஒற்றைப் பறவை செத்தால் வயது, அடிபடுதல், வெயில் என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஒரே இடத்தில் பல பறவைகள், காகங்கள் அடுத்தடுத்து செத்தால் தாமதிக்க வேண்டாம்.

நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள், கண்மாய்ப் பறவைகள் இறங்கும் நீரில் கோழி, வாத்துகளை விடாமல் இருப்பது நல்லது. கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் அவசரமாக அறுத்து விற்பதும் சாப்பிடுவதும்தான் மிகப் பெரிய ஆபத்து. தகவல் சொன்னால் எல்லாக் கோழியையும் கொன்றுவிடுவார்களே என்ற பயம் இருக்கும். அந்தப் பயம் புரிந்துகொள்ளக்கூடியதே. நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் கோழிகளை அழிப்பதும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பதும் விதி. ஆனால் மத்திய அரசின் செயல்திட்டப்படி இழப்பீடு என்பது அதிகாரிகள் அழிக்கும் பறவைகளுக்குத்தான். நோயில் தானாகச் செத்த கோழிக்கு அதில் இடமில்லை. அதனால் தாமதித்தால் நஷ்டம் வளர்ப்பவருக்கே. சீக்கிரம் சொன்னவருக்கு இழப்பீடாவது மிஞ்சும்.

கோழி, முட்டையை நன்றாக வேக வைத்தால் வைரஸ் இருக்காது. 70 டிகிரி செல்சியஸ் சூடு போதும். நம் வீட்டுக் குழம்பு அதைவிடச் சூடாகவே கொதிக்கிறது. பச்சை முட்டை, அரைவேக்காட்டு ஆஃபாயிலை நோய் பரவும் நேரத்தில் தவிர்க்கலாம். மீன் சாப்பிடப் பயமே வேண்டாம். பறவைக் காய்ச்சல் மீன் மூலம் பரவும் நோய் அல்ல.

செத்த அல்லது நோயுற்ற பறவையோடு புழங்கிய பிறகு காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். ஃப்ளூ மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். 'பறவையைத் தொட்டேன்' என்ற ஒரு வாக்கியம் மருத்துவர் யோசிக்கும் திசையையே மாற்றிவிடும்.

பூநாரை பார்க்கப் போகலாமா? தாராளமாகப் போகலாம். தூரத்தில் நின்று பாருங்கள், பறவைகளை விரட்டிப் படம் எடுக்காதீர்கள், கீழே கிடக்கும் இறகை எடுத்து வராதீர்கள். வைரஸ் இருக்கிறதா, அது மனிதருக்குத் தாவுமா என்பதை ஆய்வகம் பார்த்துக்கொள்ளும். அந்த ஆய்வகத்துக்குச் செய்தி போய்ச் சேருகிறதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது கரையில் இருப்பவர்கள்.